குரல்கள் அடங்கிய பிறகு தொடங்கும் மனச்சோர்வு

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று முதன்முறையாக உறுதிசெய்யப்பட்ட ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் பெரும்பாலும் அடங்கத் தொடங்குகின்றன. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற அச்சம் தளர்கிறது. இரவு உறக்கம் திரும்புகிறது. வீட்டில் இருப்பவர்கள் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். மருத்துவரும் முன்னேற்றம் தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார். அதே வாரங்களில்தான் அந்த மனிதருக்குள் ஆழமான மனச்சோர்வு ஒன்று குடிபுகுகிறது, அல்லது முன்பே அங்கிருந்தது மறைவு நீங்கி வெளியே தெரிகிறது. சுற்றியிருப்பவர்களின் நிம்மதியும் நோயுற்றவரின் வீழ்ச்சியும் ஒரே காலத்தில் நிகழ்வதால், அந்தச் சோர்வு எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

எனக்கு இருபதுகளின் நடுவில் மனச்சிதைவு கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் கடந்துவிட்டன. மருந்தும் தொடர்கிறது, வேலையும் தொடர்கிறது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசும் பணியில் இப்போது பங்கெடுத்து வருகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆகவே இங்கே எழுதுவதை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாக எவரும் கொள்ள வேண்டாம். ஆயினும் இந்த நோயை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். முதல் ஆண்டில் குரல்கள் என்னை வதைத்ததைவிட, அவை ஓய்ந்த பிறகு கிடைத்த தெளிவே என்னை அதிகம் வதைத்தது. நான் பேசிப் பழகிய பலரும் இதையே தத்தம் சொற்களில் சொல்லியிருக்கிறார்கள்.

தெளிவு வந்ததும் ஒருவர் முதலில் காண்பது தன் இழப்புகளை. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையே தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவும் பெண்களுக்குச் சற்றுப் பின்னதாகவும் வருகிறது. படிப்பை முடிப்பதும் முதல் வேலையில் சேர்வதும் வாழ்க்கைத் துணையைப் பற்றி யோசிப்பதும் அந்த வயதில்தான். நோய் முற்றியிருந்த மாதங்களில் உடன் படித்தவர்கள் தேர்வெழுதி முடித்திருப்பார்கள். நண்பர்கள் வேறு ஊர்களுக்குப் போயிருப்பார்கள். தான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருப்பதை ஒருவர் தெளிந்த அறிவோடு பார்க்க நேர்கிறது. புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது என்று சொல்லி அழுத இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். கவனமும் நினைவாற்றலும் குறைவது இந்த நோயின் ஒரு பகுதியே என்பதை அறியாத நிலையில், அவர்கள் அதைத் தம் அறிவே அழிந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து வருவது வெட்கம். நோயின் உச்சத்தில், தாய் பரிமாறிய உணவில் விஷம் கலந்திருப்பதாகக் குற்றம் சாட்டியவர் ஒருவர். அலுவலகத்தில் எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக உரக்கக் கத்தியவர் இன்னொருவர். பழகியவர்களுக்கெல்லாம் நள்ளிரவில் பொருளற்ற செய்திகளை அனுப்பியவர் மற்றொருவர். அப்போது அவையனைத்தும் அவர்களுக்கு உண்மையாகத் தோன்றியவை. இப்போது ஒவ்வொன்றும் நினைவுக்கு வருகிறது, எந்த நினைவுக்கும் விளக்கம் கேட்பவர் எவரும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வருவதில்லை. விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு, கைகளைப் பிடித்து அழைத்துச் சென்ற அந்த நாளே தனியொரு காயமாகத் தங்கிவிடுகிறது. இல்லாத குரல்களைக் கேட்டும் நடக்காததை நடப்பதாக நம்பியும் தவிக்கும் மனப்பிறழ்வின்போது அனுபவித்த அச்சமும் சிகிச்சையின் தொடக்கத்தில் நேர்ந்த வலுக்கட்டாயமும் பிற்காலத்தில் கெட்ட கனவுகளாகவும் திடுக்கிடலாகவும் திரும்பி வருவதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன.

வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாத ஓர் இழப்பும் உண்டு. ஒரு பெரும் பணிக்காகத் தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக நம்பியவருக்கு அந்த நம்பிக்கை கலைந்த பிறகு எஞ்சுவது, எவரும் தேர்ந்தெடுக்காத, வேலையிழந்த, மாத்திரை உட்கொள்ளும் ஓர் இளைஞன் என்ற உண்மை மட்டுமே. கேட்ட குரல்களில் சில வசைபாடியிருக்கலாம். சில துணையாகவும் இருந்திருக்கலாம். துணையாக இருந்த குரல் நின்றுபோனதைப் பிரிவாக உணர்ந்து துயரப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொன்னால் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள் என்று அஞ்சி அவர்கள் அடக்கிக்கொள்கிறார்கள். இந்தத் துயரத்தைக் கேட்டு அதிர்ச்சியடையாமல் இருக்கும் மருத்துவர் கிடைப்பது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன்.

பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் மேக்ஸ் பிர்ச்வுட் இந்தச் சோர்வை வெகுகாலம் ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 105 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 36 சதவீதத்தினருக்கு மனப்பிறழ்வு அறிகுறிகள் கூடாமலேயே மனச்சோர்வு தோன்றியிருந்தது. அவ்வாறு சோர்வுற்றவர்கள் மற்றவர்களைவிடத் தம் இழப்பையும் அவமானத்தையும் கூடுதலாக உணர்ந்தார்கள். நோயின் பிடியில் தாம் சிக்கிக்கொண்டதாகவும், இனித் தப்பிக்க வழியில்லை என்றும் எண்ணினார்கள். எத்தனை கடுமையான அறிகுறிகள் வந்தன என்பதைக் காட்டிலும், வந்த நோய் தன் வாழ்க்கைக்கு என்ன பொருளைத் தருகிறது என்று ஒருவர் முடிவுசெய்துகொள்வது மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட செய்தி. என் அனுபவத்துக்கும் அது பொருந்துகிறது.

தன் நோயைத் தானே உணர்வது குணமடைவதற்கான முதற்படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், நோய் இருப்பதை ஒப்புக்கொள்பவர்கள் மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்கள், மீண்டும் நோய் முற்றுவது குறைகிறது. ஆனால் அதே உணர்வு மனச்சோர்வையும் நம்பிக்கையின்மையையும் கூட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களைப் பற்றிச் சமூகம் வைத்திருக்கும் இழிவான எண்ணங்களை நோய் வருவதற்கு முன்பே நாமும் உள்வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆபத்தானவர்கள், எதற்கும் உதவாதவர்கள், திருந்தாதவர்கள் என்று நேற்றுவரை பிறரைப் பற்றி நினைத்ததெல்லாம், நோய் உறுதியான நாளில் நம் மீதே வந்து விழுகிறது. அந்த எண்ணங்களை உண்மையென்று ஏற்றுக்கொள்பவர்களிடம்தான் நோயுணர்வு சோர்வாக மாறுகிறது. ஆகவே, "உனக்கு நோய் இருப்பதை முதலில் ஒப்புக்கொள்" என்று வற்புறுத்துபவர்கள், ஒப்புக்கொண்ட பிறகு எப்படி வாழலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடமை உடையவர்கள். முன்னதை மட்டும் சொல்லி நிறுத்துவது ஒருவரை இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

இதுவரை சொன்னதை வைத்து, நோய் கண்டறியப்பட்டதற்கான எதிர்வினை மட்டுமே இந்த மனச்சோர்வு என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் தலைமையில் நடந்த ஆய்வில், முதன்முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் நோய் வரலாற்றைப் பின்னோக்கித் தேடினார்கள். மனப்பிறழ்வு தெரிவதற்குச் சராசரியாகச் சுமார் 5 ஆண்டுகளுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்கியிருந்தன. முதன்முதலில் தோன்றிய அறிகுறிகளுள் மிகவும் பரவலாக இருந்தது சோர்வுற்ற மனநிலை. முதல் மனப்பிறழ்வுக்கு ஆளான 92 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2010-இல் வெளியான வேறோர் ஆய்வில், நோய்க்கு முன்பான காலம், நோயின் உச்சம், அதற்குப் பிறகான மாதங்கள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு கட்டத்தில் 80 சதவீதத்தினர் மனச்சோர்வை அனுபவித்திருந்தார்கள். நோய்க்கு முன்பே சோர்வு கண்டவர்களுக்கே பின்னாளில் அது திரும்ப வரும் வாய்ப்பும், தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதிகமாக இருந்தன. நோயின் வேரிலேயே மனச்சோர்வும் கலந்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மேலே சொன்ன இழப்பும் வெட்கமும் அந்த வேருக்கு நீர் வார்க்கின்றன.

இவ்வளவு பரவலான ஒன்று இத்தனை காலம் பின்வரிசையில் நின்றதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் கடுமையான மனநோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்தார்: சிந்தனை சிதையும் நோய் ஒரு பக்கம், களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் மறுபக்கம். அந்தப் பிரிவினைக்குப் பிறகு சோர்வு என்பது இரண்டாவது பிரிவின் உடைமையாகப் பார்க்கப்பட்டது. மனப்பிறழ்விலிருந்து மீண்டவர்களிடம் காணப்படும் விரக்தியை மனநல மருத்துவர் வில்லி மாயர்-கிராஸ் 1920-இலேயே விவரித்திருந்தார் என்றாலும், 1976-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் மெக்கிளாஷனும் கார்பென்டரும் இதைப் பற்றி எழுதிய பிறகே பரவலான கவனம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு இதற்கெனத் தனி இடம் ஒதுக்கியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாவது வகைப்பாடு அந்தத் தனிப்பெயரை விட்டுவிட்டு, மனச்சிதைவு உள்ள ஒவ்வொருவரிடமும் சோர்வின் அளவைத் தனியே குறிப்பதற்கு வழிசெய்திருக்கிறது. இரண்டாவது முறையே மேலானது என்பது என் கருத்து. சோர்வு எந்தக் கட்டத்திலும் வரக்கூடும் என்பதால் அதைக் கேட்டறிவது ஒவ்வொரு சந்திப்பிலும் நடக்க வேண்டியது.

கேட்டறிந்தால் மட்டும் போதாது, சரியாக இனம் காணவும் வேண்டும். ஒருவர் நாள் முழுவதும் படுக்கையிலேயே கிடக்கிறார், குளிப்பதில்லை, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார் என்றால், அதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் இருக்க முடியும். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால் இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் விளக்கம், மனச்சிதைவின் எதிர்மறை அறிகுறிகள். ஊக்கம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, பேச்சு குறைவது ஆகியவற்றை மருத்துவர்கள் அவ்வாறு அழைக்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவரிடம் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "ஒன்றும் இல்லை" என்பார். அந்த "ஒன்றும் இல்லை" அவரை அவ்வளவாக வருத்துவதில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கோ உள்ளே வலி இருக்கிறது. தன்னைக் குற்றவாளியாக எண்ணுகிறார், எதிர்காலம் இருண்டுவிட்டதாகச் சொல்கிறார், விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொள்கிறார், காலை வேளை அவருக்கு மிகக் கொடியதாக இருக்கிறது. வெளியே தெரியும் அசைவின்மை இருவருக்கும் ஒன்றுதான். முகத்தைப் பார்த்து ஊகிப்பவர்கள் இங்கே எளிதில் ஏமாந்துவிடுவார்கள், ஏனெனில் முகம் உணர்ச்சியைக் காட்டாத ஒருவருக்குள்ளும் துயரம் கனன்றுகொண்டிருக்கலாம்.

இரண்டாவது விளக்கம் மருந்து. மனப்பிறழ்வைத் தணிக்கும் மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைத் தடுக்கின்றன. ஊக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் டோபமைன் இன்றியமையாதது என்பதால், அளவு மிகும்போது உலகமே நிறமிழந்ததுபோல் சிலருக்கு ஆகிவிடுகிறது. உடலசைவு குறைந்து, முகம் இறுகி, சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் நிலையை 1978-இல் வான் புட்டன், மே என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ஹாலோபெரிடால் போன்ற பழைய தலைமுறை மருந்துகளில் இது அதிகம், புதியவற்றிலும் இல்லாமல் இல்லை. இன்னொரு பக்கவிளைவு இதற்கு நேர் எதிரானது: ஓரிடத்தில் உட்கார முடியாமல், கால்கள் ஓயாமல், உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுவது போன்ற தாங்கவொண்ணாத தவிப்பு. அகதிசியா எனப்படும் இந்தத் தவிப்பு வந்தவர்கள் உயிரையே வெறுக்கும் நிலைக்குப் போவதுண்டு. மருந்தின் அளவைக் குறைப்பதாலோ, வேறு மருந்துக்கு மாற்றுவதாலோ, ப்ரொப்ரனலால் போன்ற ஒன்றைச் சேர்ப்பதாலோ மருத்துவரால் இதைத் தணிக்க முடியும். மனம் கலங்கியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், "கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை" என்று உள்ளது உள்ளபடி சொன்னால் மருத்துவர் உடனே புரிந்துகொள்வார். ஓலான்சபைன் தரும் உடல் பருமன், ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுவதால் நின்றுபோகும் மாதவிலக்கு, குன்றும் பாலுணர்வு ஆகியவையும் மனத்தை வீழ்த்தும். கூச்சத்தால் இவற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டு, ஒருநாள் மருந்தையே நிறுத்திவிடுபவர்கள் பலர். எந்த மருந்தையும் தானாக நிறுத்துவதோ குறைப்பதோ நோய் திரும்புவதற்கான நேர்வழி என்பதால், பக்கவிளைவைப் பற்றிய பேச்சில் வெட்கத்துக்கு இடம் தரக் கூடாது.

மூன்றாவது விளக்கம் மனச்சோர்வு. இவற்றுள் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் ஒருவரிடம் கூடியிருப்பதும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, கஞ்சா, மது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தருவதால், இரத்தப் பரிசோதனையும் ஒளிவுமறைவற்ற பேச்சும் தேவைப்படுகின்றன.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே கனடாவின் கால்கரியில் டொனால்ட் அடிங்டன், ஜீன் அடிங்டன் ஆகியோர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1990-இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பொதுவான மனச்சோர்வு அளவுகோல்களில் ஊக்கமின்மை, மந்தமான அசைவு போன்றவையும் மதிப்பெண் பெறுவதால், மனச்சிதைவின் எதிர்மறை அறிகுறிகளோ மருந்தின் விளைவோ சோர்வாகக் கணக்கிடப்படும் ஆபத்து இருந்தது. கால்கரி அளவுகோல் அவற்றைத் தவிர்த்து, சோகம், நம்பிக்கையின்மை, தன்னைத் தாழ்வாக எண்ணுதல், குற்றவுணர்வு, பிறர் தன்னைக் குற்றம் சாட்டுவதாக எண்ணுதல், காலைநேரச் சோர்வு, அதிகாலை விழிப்பு, தற்கொலை எண்ணம் ஆகிய எட்டையும் கேள்விகளாகக் கேட்கிறது. ஒன்பதாவதாக, பேட்டி காண்பவர் தாமே கண்ட சோர்வைக் குறிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. இந்த ஒன்பதையும் படித்துப் பார்த்த நாளில், எனக்குள் நடந்ததை யாரோ வரிசைப்படுத்தி எழுதியிருப்பதாக உணர்ந்தேன். நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் இதை முழுமையாகக் கேட்க நேரம் வாய்க்காமல் போகலாம். அப்படியானால் நோயுற்றவரோ குடும்பத்தாரோ இந்த எட்டில் எவை இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

தற்கொலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பது இப்போதைய மதிப்பீடு. முன்பு இது 10 சதவீதம் என்று கருதப்பட்டது. அந்த இறப்புகள் நோயின் முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாக நிகழ்கின்றன, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரங்கள் தனி ஆபத்து உடையவை. குரல்களின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து இறப்பவர்களே பெரும்பான்மையினர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதைவிட அழுத்தமாகச் சுட்டுவது மனச்சோர்வையும் நம்பிக்கையின்மையையும் முந்தைய முயற்சிகளையும்தான். நன்றாகப் படித்தவர்களும், தம்மைப் பற்றி உயர்ந்த எதிர்பார்ப்பு வைத்திருந்த இளைஞர்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்; தாம் எங்கிருந்து எங்கே விழுந்தோம் என்பதை அவர்கள் துல்லியமாக அளக்கிறார்கள்.

ஆகவே கேளுங்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, இது ஆய்வுகளில் உறுதிப்பட்டது. கேட்டவரின் முகத்தில் பதற்றம் இல்லாவிட்டால், சொல்பவருக்குச் சுமை இறங்குகிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுக வேண்டும். வீட்டில் மாத்திரைகள் மொத்தமாக அவர் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். நம்பக்கூடிய ஒருவரிடம் இன்றே, அரைகுறையான சொற்களிலாவது சொல்லிவிடுங்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. சொன்ன பிறகு அது உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமப்பது நின்றது, சுமையின் தன்மையே மாறியது.

சிகிச்சை இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனப்பிறழ்வின் உச்சத்தில் காணும் சோர்வு, மனப்பிறழ்வைத் தணிக்கும் மருந்தாலேயே பலருக்கும் குறைந்துவிடுகிறது. எனவே மருத்துவர்கள் முதலில் அதைச் சீராக்கப் பார்க்கிறார்கள். அதன் பிறகும் சோர்வு நீடித்தால், மருந்தின் அளவையும் வகையையும் மறுபரிசீலனை செய்வதும், மனச்சோர்வுக்கான மருந்தைச் சேர்ப்பதும் வழக்கம். மனச்சோர்வு மருந்து சேர்த்தால் மனப்பிறழ்வு தூண்டப்படும் என்ற பழைய அச்சம் பலரிடம் உண்டு. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 3,608 பேர் பங்கேற்ற 82 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகப் பார்த்து, அவற்றின் பலன் சிறிதே ஆயினும் உண்மையானது என்றும், மனப்பிறழ்வு அவற்றால் மோசமடையவில்லை என்றும் கண்டது. பலன் சிறிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை மட்டுமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏமாற்றத்தால் இன்னும் தளர்ந்துபோகிறார்கள். தற்கொலை ஆபத்து தொடர்ந்து இருப்பவர்களுக்கு க்ளோசபைன் என்ற மருந்து தனிப் பயன் உடையது. 980 பேரை ஈராண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளியான சோதனையில், ஓலான்சபைனைவிட அது தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது. வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் அதற்கு முறையான இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பேச்சு வழியான சிகிச்சையில் எனக்கு உள்ள நம்பிக்கை அனுபவத்தால் வந்தது. "என் வாழ்க்கை முடிந்துவிட்டது" என்ற முடிவுக்கு நான் எந்தச் சான்றுகளை வைத்து வந்தேன் என்று ஓர் உளவியலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த முடிவுக்கு எதிரான சான்றுகளை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை, என்னைத் தேட வைத்தார். நோய் வந்த கதையைத் தொடக்கத்திலிருந்து நானே சொல்லி, அதில் எனக்கு விளங்காத பகுதிகளை மெல்ல மெல்ல இணைத்ததும், வெட்கப்பட்ட செயல்களை நோயின் பெயரிலும் அச்சத்தின் பெயரிலும் எழுதி வைத்ததும் நெடுநாள் நடந்தன. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். இதையும் குடும்பத்தாருக்கான வழிகாட்டலையும் மருந்தோடு சேர்த்தே அளிக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்து, பேச்சுச் சிகிச்சை, குடும்ப வழிகாட்டல், படிப்புக்கும் வேலைக்குமான உதவி ஆகிய நான்கையும் ஒரே குழு வழங்கும் முறையை அமெரிக்காவில் 34 மையங்களில், 404 பேரிடம் ஈராண்டுகள் சோதித்தார்கள். 2015-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுடைய வாழ்க்கைத் தரம் கூடுதலாக உயர்ந்தது, சோர்வும் கூடுதலாகக் குறைந்தது. நோய் தொடங்கிச் சிகிச்சைக்கு வருவதற்குள் கடந்த காலம் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் மிகுதி.

இந்த நான்கில் படிப்பும் வேலையும் இறுதியாக வருபவை என்று பலரும் நினைக்கிறார்கள். முழுவதும் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் செய்வதற்கு எதுவும் இல்லாத நாள் என்பது சோர்வுக்கு முழு உரிமை எழுதிக்கொடுக்கப்பட்ட நாள். அரை நாள் வேலையோ, ஒரே ஒரு பாடமோ, நேரத்துக்கு எழுந்து போக வேண்டிய இடம் ஒன்றோ இருந்தால், நோயாளி என்ற அடையாளத்துக்கு அப்பால் இன்னோர் அடையாளம் முளைக்கத் தொடங்குகிறது. எவ்வளவு வேகம் என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும். தொடங்கலாமா என்று கேட்கும் உரிமையாவது அவர்களிடம் இருக்கட்டும்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள். "சோம்பேறித்தனம்", "மனவலிமை இல்லை", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" ஆகிய மூன்றையும் வீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். ஓயாத குறைகூறலும் பகைமையும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது 1950-களின் இறுதியிலிருந்து லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி வைத்த ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அளவுக்கு மீறிக் கண்காணித்து, எல்லாவற்றையும் தாமே செய்துகொடுப்பதும் அதே விளைவைத் தருகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. என் அம்மா ஒவ்வொரு நாளும் மாலையில் என்னை நடைக்கு அழைப்பார். நான் வர மறுத்தால் வற்புறுத்தாமல் தனியே போவார், மறுநாள் மீண்டும் அழைப்பார். "நல்லா ஆயிட்டியா?" என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. குணமாகிவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அந்த ஒரு மனிதரிடம் எனக்கு இருக்கவில்லை. குடும்பத்தாரும் துயரத்தில்தான் இருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்தேன். பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பேசுவதற்கென ஓர் இடம் தேவைப்படுகிறது.

சோர்வு சில வாரங்களில் சிறிதும் இளகாவிட்டாலோ, தணிந்த பிறகு திடீரெனத் திரும்பி வந்தாலோ, அதை மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். உறக்கம் கெட்டு, ஆட்களைத் தவிர்த்து, மனம் கனத்துப்போவது மனப்பிறழ்வு மீண்டும் வருவதற்கான முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும். அந்தக் கட்டத்தில் செய்யும் சிறு மருந்து மாற்றம் ஒரு முழு நோய்க்காலத்தைத் தடுத்துவிடலாம். களிப்பும் வேகமும் மிகுந்த நாள்கள் இடையே வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோயின் பெயரே மறுபரிசீலனைக்கு உரியதாகலாம், மனச்சோர்வு மருந்தைத் தருவதா வேண்டாமா என்பதும் அதைப் பொறுத்தே அமையும். புதிதாக என்னிடம் பேச வருபவர்களிடம் அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு மூன்று செய்திகளை எழுதி எடுத்துச் செல்லும்படி சொல்கிறேன்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, காலையில் எழும்போது மனம் எப்படி இருக்கிறது, மருந்து எடுத்த பிறகு உடலில் என்ன மாறியிருக்கிறது. குரல்கள் குறைந்தனவா என்ற கேள்வியை மருத்துவரே கேட்டுவிடுவார்.